புதன்கிழமை ஏலத்தில் மிஞ்சிய உண்டியல்கள்: இலங்கை மத்திய வங்கி, 2019 முதல் 2023 வரை

எதை எழுதுகிறேன், ஏன்

இலங்கை 2022இல் வங்குரோத்தானதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, காலிமுகத்திடல் போராட்டம், நாட்டை விட்டு வெளியேறிய ஜனாதிபதி, எல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்தப் பெரிய கதையின் ஒரு அறையை மட்டும். அரசாங்கம் பணம் கேட்கும்போது சில நேரம் "முடியாது" என்று சொல்வதற்காகவே இருக்கிற ஒரு நிறுவனம், எந்தப் படிகளில் "சரி" சொல்லிப் பழகியது, அதனால் என்ன வந்தது, பிறகு எதை மாற்றினார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

ஆட்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயர் போட்டதும் வாசிப்பவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடுகிறார், நடந்த பொறிமுறை கண்ணில் படாமல் போகிறது. மூன்று ஆளுநர்கள் வருவார்கள். எங்கிருந்து வந்தவர்கள் என்பதை வைத்தே அவர்களைக் குறிப்பிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் 2022 ஏப்ரலைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். மத்திய வங்கி கைவிட்டுப்போனது அதற்கு இரண்டு வருடம் முன்னால், பொதுமக்கள் ஒருவரும் எட்டிப் பார்க்காத வாராந்தத் திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுங்காலத்துக்கு வெளியிடும் கடன்பத்திரம்) ஏலங்களில்.

பின்னணி: ஒரே கட்டடத்தில் நாலு வேலை

மத்திய வங்கி 1950 ஓகஸ்டில் தொடங்கியது, 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின் கீழ். அதற்கு முன் இருந்த முறையில் வெளிநாட்டுச் சொத்து கையில் வந்தால்தான் அதற்கு ஈடாக ரூபா வெளியிடலாம். புதிய வங்கி வந்தபின் அரசாங்கத்தின் கடன்பத்திரத்தை வாங்கியும் ரூபாவை உருவாக்க முடிந்தது. இதில் தவறொன்றும் இல்லை, உலகத்தில் பெரும்பாலான மத்திய வங்கிகளுக்கு இந்தச் சக்தி இருக்கிறது. அதைப் பாவிக்கத் தீர்மானிப்பது யார், எங்கே நிறுத்துவது என்பதில்தான் வித்தியாசம்.

2019இல் நிலைமை இப்படி. வட்டிவீதத்தைத் தீர்மானிக்கும் நாணயச் சபையில் ஐந்து பேர். ஆளுநர் தலைவர். நிதி அமைச்சின் செயலாளர், அதாவது அரசாங்கத்துக்குக் கடன் தேடும் பொறுப்பில் இருப்பவர், பதவிவழியாகவே வாக்குரிமையுள்ள உறுப்பினர். மிச்சம் மூன்று பேர் நியமனம். வங்கி ஏலத்திலேயே நேராகத் திறைசேரி உண்டியலை வாங்கலாம், தடை இல்லை. அதோடு அரசாங்கத்தின் எதிர்பார்த்த வருமானத்தில் 10 சதவீதம் வரை தற்காலிக முற்பணமும் கொடுக்கலாம்.

இன்னும் இருக்கிறது. அரசாங்கத்தின் கடனை விற்றுக் கொடுக்கும் வேலையும் மத்திய வங்கியின் பொதுப்படுகடன் திணைக்களத்திடமே இருந்தது. தனியார் துறைத் தொழிலாளர்களின் ஓய்வுக்கால சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியை முதலிடுவதும் அதே வங்கிதான். ஆக, வட்டியைத் தீர்மானிப்பவர், அரசாங்கத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் பிடித்துத் தரவேண்டியவர், யாரும் தராவிட்டால் தானே தருபவர், அந்தக் கடன்பத்திரத்திலேயே தொழிலாளரின் காசைப் போடுபவர், எல்லாம் ஒரே கட்டடம். பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்று என்று ஒரு மாடி சொன்னால், அரசாங்கத்தின் கடன் செலவு கூடும் என்று அடுத்த மாடி சொல்லும். மோதல் வெளியே வராது, மின்தூக்கிக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

இதை மாற்ற ஒரு சட்ட வரைவு 2019இல் தயாராகத்தான் இருந்தது. வருடக் கடைசியில் அரசாங்கம் மாறியது, வரைவு கைவிடப்பட்டது. பக்கத்தில் இந்தியா இந்தக் கதவை எப்போதோ மூடிவிட்டது: ரிசர்வ் வங்கி தானாகவே அரசாங்கத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த தற்காலிக உண்டியல் முறை 1997இல் நிறுத்தப்பட்டது, 2006 ஏப்ரலிலிருந்து அரசாங்கப் பத்திரங்களை முதனிலைச் சந்தையில், அதாவது வெளியிடும்போதே நேராக, வாங்குவதும் சட்டத்தில் குறிப்பிட்ட விதிவிலக்குகளைத் தவிரத் தடைசெய்யப்பட்டது.

2019 டிசம்பர்: வருமானம் குறைகிறது

புதிய அரசாங்கம் வந்த கையோடு பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா விற்பனை உள்ள வியாபாரம் பதிவுசெய்ய வேண்டும் என்றிருந்ததை 300 மில்லியனாக உயர்த்தியது. வேறு சில வரிகளும் போயின. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் 2020இல் 8 சதவீத அளவுக்கு வந்துவிட்டது. பெருந்தொற்றும் இதில் சேர்ந்தது, அதை மறுக்க முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளிலிருந்து இன்னும் எழும்பாமல் இருந்த சுற்றுலாத்துறை அடியோடு நின்றது.

வரி குறைப்பதா கூட்டுவதா என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கத்தின் உரிமை. மத்திய வங்கி அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் அந்த ஓட்டையை நிரப்பும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி வந்ததும், அது மத்திய வங்கியின் வாசலுக்கே வந்து நின்றது.

2020: ஏலத்தில் மிஞ்சியது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

திறைசேரி உண்டியல் ஏலம் வாராவாரம், வழக்கமாகப் புதன்கிழமை. அரசாங்கம் இத்தனை பில்லியன் வேண்டும் என்று அறிவிக்கும், வங்கிகளும் நிதியங்களும் இந்த வட்டிக்குத் தருகிறோம் என்று விலை கேட்கும். அந்தக் காலத்தில், இதற்கு மேல் வட்டி தரமாட்டோம் என்று உச்ச வீதம் ஒன்றும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ஒரு உதாரணத்துக்கு, 40 பில்லியன் கேட்டு, அந்த உச்ச வீதத்துக்குள் 15 பில்லியன்தான் வந்தது என்று வையுங்கள். மிச்சம் 25 பில்லியன்? ஒரு சாதாரண கடனாளியாக இருந்தால் இரண்டே வழி, கூடுதல் வட்டி கொடுக்க வேண்டும் அல்லது செலவைக் குறைக்க வேண்டும். இங்கே மூன்றாவது வழி இருந்தது. மத்திய வங்கி அந்த 25ஐயும் வாங்கிக்கொண்டது. அதற்குக் கொடுத்த பணம் அதற்கு முன் எங்கேயும் இருக்கவில்லை, கணக்கில் எழுதும்போது பிறக்கிறது. அதைத்தான் பணம் அச்சிடுதல் என்கிறோம், அச்சு இயந்திரம் அசையவே தேவையில்லை.

ஒரு வாரத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இது நியாயமான உதவிதான். ஊரடங்கு, சம்பளம் கொடுக்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும், சந்தை பயந்து போயிருக்கிறது, இந்த வாரம் மட்டும் பிடித்துக்கொள்வோம். அந்த அறையில் நான் இருந்திருந்தால் நானும் முதல் சில வாரம் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் அதே காரணம் இருந்தது, அதற்கடுத்த வாரமும் இருந்தது. 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த அரசாங்கப் பத்திரங்கள் சுமார் 75 பில்லியன் ரூபா. 2020 முடிவில் அது 700 பில்லியனைத் தாண்டியிருந்தது. 2021 முடிவில் 1.4 ட்ரில்லியன் அளவு. 2022 முடிவில் 2.5 ட்ரில்லியனுக்கும் மேல்.

இந்த எண்கள் ஒளிக்கப்படவும் இல்லை. மத்திய வங்கியின் இணையத்தளத்திலேயே கிடந்தன, ஒரு சில பொருளியலாளர்கள் தொடர்ந்து எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்க ஆள் இல்லை. பணவீக்கம் அப்போது 4, 5 சதவீதத்தில் சாதுவாக நின்றதால், அச்சிட்டால் விலை ஏறும் என்பது பழைய கதை என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் வெளிப்படையாகவே வாதிட்டார்கள்.

2020 ஜூனில் நடந்த ஒன்றை நான் இந்த நிகழ்வின் திருப்பமாகவே பார்க்கிறேன். மத்திய வங்கியின் மூத்த அதிகாரிகளை ஜனாதிபதி அழைத்து, பொருளாதாரத்தை எழுப்ப நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று கண்டித்தார். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதையொட்டி அவசரமாகக் கூடிய நாணயச் சபை, வங்கிகள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய நியதி ஒதுக்கு விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்து, ஏறக்குறைய 115 பில்லியன் ரூபாவைச் சந்தைக்கு விட்டது. ஜூலையில் வட்டிவீதத்தில் இன்னும் ஒரு சதவீதப் புள்ளி வெட்டு. வருடத் தொடக்கத்தில் 7 சதவீதமாக இருந்த துணைநில் வைப்பு வசதி வீதம், அதாவது வங்கிகள் மத்திய வங்கியில் வைக்கும் பணத்துக்குக் கிடைக்கும் வட்டி, 4.5க்கு வந்தது. அந்த முடிவுகளை வங்கி தானாகவே எடுத்திருக்கவும் கூடும், அந்த மாதங்களில் எல்லா நாட்டிலும் வட்டி குறைந்தது. ஆனால் அந்தத் திட்டுக்குப் பிறகு அதை யாரால் நம்ப முடியும்? முடிவு சரியோ பிழையோ, அது யாருடைய முடிவு என்ற சந்தேகம் வந்தபின் அந்த வங்கியின் வார்த்தைக்குப் பெறுமதி குறைந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அதே பலனை எடுக்க இரண்டு மடங்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்போது ஆளுநராக இருந்தவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பொருளியல் பேராசிரியர். கெட்ட எண்ணம் கொண்டவர் என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல மனிதர் ஒருவர் "முடியாது" என்று சொல்வதற்குச் சட்டத்தில் எந்தப் பிடியும் இல்லாத நாற்காலி அது.

பணம் எப்படி டொலராகக் கசிந்தது

வாசிக்கிற பலர் இங்கேதான் தொடர்பை விட்டுவிடுகிறார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். உருவாக்கிய ரூபா திறைசேரிக் கணக்குக்குப் போகிறது, அங்கிருந்து சம்பளமாக, ஒப்பந்தக்காரருக்குக் கட்டணமாக வெளியே வந்து வங்கிகளில் சேர்கிறது. வங்கிகளிடம் பணம் மிதமிஞ்சி இருக்கிறது, வட்டியும் மலிவு, கடன் கொடுக்கிறார்கள். இலங்கையில் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவிலும் ஒரு பங்கு எரிபொருளாக, கோதுமையாக, மருந்தாக, மூலப்பொருளாக வெளிநாட்டுக்குப் போகிறது. அதற்கு டொலர் வேண்டும். டொலரின் விலையை ஏறவிட்டால் இறக்குமதி தானாகக் குறையும். ஏறவிடாமல் பிடித்தால், மத்திய வங்கி தன் ஒதுக்கிலிருந்து டொலரை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கையால் ரூபாவை உருவாக்கி மறுகையால் டொலரை இழப்பது.

2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2020 முடிவில் 5.7 பில்லியன். 2020 நவம்பருக்குள் தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தை மிகத் தாழ்த்திவிட்டன, ஆகவே வெளிச்சந்தையில் புதுக் கடன் எடுத்துப் பழைய கடனைக் கட்டும் வழியும் அடைபட்டது. வாகன இறக்குமதியை ஏற்கனவே நிறுத்தியிருந்தார்கள், அதனால் கசிவு கொஞ்சம் மெதுவானதே தவிர நிற்கவில்லை.

2021: தாமதமான ஒரு நல்ல முடிவு

2021 ஓகஸ்டில் மத்திய வங்கி வட்டியை அரைச் சதவீதப் புள்ளி உயர்த்தியது, நியதி ஒதுக்கு விகிதத்தைத் திரும்ப 4 ஆக்கியது. பிராந்தியத்தில் வட்டியை முதலில் உயர்த்தியது இலங்கைதான் என்று அப்போது பேசப்பட்டது. திசை சரி, ஆனால் அளவு மிகச் சிறியது. அடுத்த மாதமே பேராசிரியர் விலகினார்.

200 ரூபா: 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் வரை

அடுத்து வந்த ஆளுநர் அதற்குச் சற்று முன்வரை பாராளுமன்ற உறுப்பினரும் இராஜாங்க அமைச்சரும். 2006 முதல் 2015 தொடக்கம் வரை இதே பதவியில் இருந்தவர், ஆகவே வேலை தெரியாதவர் அல்ல. ஆனால் ஆளும் கட்சி ஆசனத்திலிருந்து நேராக இந்த நாற்காலிக்கு வரும்போது, வெளியே இருக்கும் முதலீட்டாளருக்கும் உள்ளே இருக்கும் அதிகாரிக்கும் என்ன செய்தி போகும் என்பதை யோசிக்க வேண்டும்.

ஒக்டோபரில் மத்திய வங்கியின் ஆறு மாத வழித்தடம், அதாவது செயல்திட்டம், ஒன்று வெளியானது. அதன்பின் மார்ச் வரை எடுத்த முடிவுகளில் மூன்று முக்கியம்.

முதலாவது, டொலரை ஏறக்குறைய 200 முதல் 203 ரூபாவில் பிடித்து வைப்பது. இதற்குக் காரணம் இருந்தது: ரூபா விழுந்தால் இறக்குமதிப் பொருளின் விலை ஏறும், மக்கள் பாதிக்கப்படுவார்கள். அக்கறை உண்மையானது. விளைவு நேர்மாறானது. வெளியே கறுப்புச் சந்தையில் 240, 250 கிடைக்கும்போது மத்திய கிழக்கில் வேலை செய்யும் பிள்ளை ஏன் வங்கி வழியாக 203க்கு அனுப்ப வேண்டும்? எல்லோரும் உண்டியலுக்குப் போனார்கள். (நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல், திறைசேரி உண்டியல் வேறு, வங்கிக்கு வெளியே கையோடு கைமாறும் இந்த உண்டியல் வேறு. 2021இல் ஒன்று வீங்கியதால்தான் மற்றது செழித்தது.) டொலருக்கு 10 ரூபா வரை ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தார்கள், போதவில்லை. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த பணவனுப்பல் 2021இல் 5.5, 2022இல் 3.8.

இரண்டாவது, சர்வதேச நாணய நிதியத்திடம் போவதில்லை, கடனை மறுசீரமைப்பதும் இல்லை என்ற நிலைப்பாடு. இது அரசாங்கத்தின் கொள்கை, ஆனால் மத்திய வங்கியே அதன் முன்னணிப் பேச்சாளராக இருந்தது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கையிருப்பு எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும் என்ற கசப்பான கணக்கை அமைச்சரவைக்கு முன்னால் வைக்க வேண்டிய ஒரே இடம் அந்த வங்கி. அது நம்பிக்கை ஊட்டும் வேலையை எடுத்துக்கொண்டால் கணக்குச் சொல்ல வேறு ஆளே கிடையாது.

மூன்றாவது, 2022 ஜனவரி 18ஆம் திகதி முதிர்ந்த 500 மில்லியன் டொலர் சர்வதேச முறியை (நீண்டகாலக் கடன்பத்திரத்தை) முழுதாகக் கட்டியது. ஒதுக்கு அப்போது புத்தகத்தில் 3.1 பில்லியன். அதில் பாதியளவு சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்றம், நிபந்தனைகள் காரணமாக நினைத்தபடி பாவிக்க முடியாத பணம். கையிருப்புத் தங்கத்தில் ஒரு பகுதியையும் விற்றிருந்தார்கள். ஒருமுறையும் தவணை தவறாத நாடு என்ற பெயரைக் காப்பாற்றத்தான் கட்டினார்கள், அந்தப் பெயருக்கு மதிப்பும் இருந்தது. ஆனால் அந்த 500 மில்லியன் எத்தனை எரிபொருள் கப்பலுக்கும் மருந்துக்கும் காணும் என்பதை நாலு மாதம் கழித்து வரிசையில் நின்றவர்கள் உணர்ந்தார்கள்.

2022 மார்ச் 7ஆம் திகதி 230 வரை போகலாம் என்று பிடியைத் தளர்த்தினார்கள். தளர்த்தியதும் கை நழுவியது. கொள்கை வட்டி (வங்கிகளின் வைப்புக்கு ஒன்று, அவை எடுக்கும் கடனுக்கு ஒன்று) வெறும் 6.5, 7.5 சதவீதமாக இருக்க மார்ச் மாதப் பணவீக்கம் 18.7. அந்த வட்டிக்கு ரூபாவை யாரும் கையில் வைத்திருக்க மாட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360ஐத் தாண்டிவிட்டது.

2022 ஏப்ரல்: ஏழு சதவீதப் புள்ளி

ஏப்ரல் தொடக்கத்தில் அமைச்சரவை கூண்டோடு விலகியது, ஆளுநரும் விலகினார். மூன்றாவதாக வந்தவர் மத்திய வங்கிக்குள்ளேயே பல காலம் வேலை செய்து ஓய்வுபெற்றுப் போயிருந்த அதிகாரி. 7ஆம் திகதி பொறுப்பேற்றார், மறுநாள் கொள்கை வட்டிவீதங்களை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தி 13.5க்கும் 14.5க்கும் கொண்டுபோனார்கள். 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. மே 18ஆம் திகதி சலுகைக்காலமும் முடிந்து, நாடு வரலாற்றில் முதல் தடவையாகத் தவணை தவறியது. பாவிக்கக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று நிதி அமைச்சரே பாராளுமன்றத்தில் சொல்லியிருந்தார்.

ஏன் இவ்வளவு பெரிய அடி? சிறிய சிறிய உயர்வுகளுக்கு நேரம் இருந்தது 2020 கடைசியில், 2021இல். ஏப்ரல் 2022இல், இனி இந்த வங்கி கேட்டதற்கெல்லாம் தலையாட்டாது என்று காட்ட வேண்டியிருந்தது. மே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது: அரசியல் நிலைமை ஒன்றிரண்டு வாரத்துக்குள் சீராகாவிட்டால் தான் பதவியில் இருக்கப்போவதில்லை என்று ஆளுநர் பகிரங்கமாகவே சொன்னார். ஒரு மத்திய வங்கியாளர் அப்படிப் பேசுவது அபூர்வம், சிலர் அதை அரசியல் என்று குறை சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முந்தைய இரண்டு வருடமும் யாரும் வெளியே சொல்லாததை ஒருவர் வெளியே சொன்னார்.

ஒன்றை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். மத்திய வங்கி திருந்திவிட்டது என்று அதோடு அச்சடிப்பு நிற்கவில்லை. அரசாங்கத்துக்கு வேறு யாரும் கடன் தராத நிலையில் 2022 முழுக்க வங்கி உண்டியல்களை வாங்கிக்கொண்டேதான் இருந்தது, மேலே சொன்ன 2.5 ட்ரில்லியன் அப்படித்தான் வந்தது. ஒரு பழக்கத்தை நெருக்கடியின் நடுவில் நிறுத்த முடியாது.

விளைவுகள்

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், உணவு மட்டும் எடுத்தால் 94.9. இரசாயன உர இறக்குமதித் தடையால் விழுந்த விளைச்சலும் உலக எண்ணெய் விலையும் இதில் சேர்ந்திருக்கின்றன, முழுவதையும் மத்திய வங்கியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில் வறுமையில் இருப்போர் 2021இல் 13.1 சதவீதம், 2022இல் 25 சதவீதம். திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. பொருளாதாரம் அந்த வருடம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது.

அந்த வட்டி உயர்வு சிறு தொழில் செய்தவர்களை நசுக்கியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்து ஒரு அரைக்கும் ஆலையோ அச்சகமோ போட்டவர் எந்தக் கொள்கைத் தவறும் செய்யவில்லை, வீட்டை ஈடு வைத்தவர் வங்கியின் ஏலக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கின்றி வங்கியே சொத்தை ஏலம் விடும் பராட்டே அதிகாரத்தை 2024இல் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது இதனால்தான். ஓய்வுக்கால நிதிக்கும் அடி விழுந்தது: 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதி தன் முறிகளை, முதலில் 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம் தரும் புது முறிகளுக்கு மாற்றிக்கொண்டது. சேமித்த ரூபாவின் பெறுமதி அதற்கு முன்பே பாதியாகியிருந்தது. பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து விதிக்காத ஒரு வரியை அந்தத் தொழிலாளி கட்டினான்.

மறுபக்கம், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டொலர் நிகழ்ச்சித்திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. ஜூனில் வட்டியைக் குறைக்கத் தொடங்கினார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். ஒரே வருடத்தில் 69.8லிருந்து.

2023 நவம்பரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி, முன்னாள் நிதி அமைச்சர்கள், மேலே சொன்ன முதல் இரண்டு ஆளுநர்கள் உள்ளிட்ட பலர் பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது.

சட்டத்தில் மாறியவை

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்த வருடம் செப்டெம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. விலை உறுதிப்பாடுதான் முதல் நோக்கம் என்று எழுதினார்கள். முதனிலைச் சந்தையில், அதாவது அந்தப் புதன்கிழமை ஏலத்தில், மத்திய வங்கி அரசாங்கப் பத்திரம் வாங்குவது தடை. நிதி அமைச்சின் செயலாளரின் ஆசனம் போய்விட்டது. நிர்வாகத்துக்கு ஆளும் சபை, வட்டிக்கு நாணயக் கொள்கைச் சபை என்று இரண்டாகப் பிரித்தார்கள். அரசாங்கக் கடனை முகாமை செய்யும் வேலையை வெளியே எடுக்க 2024இல் தனிச் சட்டம் வந்தது.

இலக்கு 5 சதவீதப் பணவீக்கம். அதை நிதி அமைச்சரும் வங்கியும் ஒப்பந்தமாகப் போட்டு வர்த்தமானியில் வெளியிடுகிறார்கள். இரண்டு புள்ளிக்கு மேல் விலகி இரண்டு காலாண்டு தொடர்ந்தால் வங்கி பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். யாரும் தெரிவுசெய்யாத அதிகாரிகளுக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டையே காட்டுவேன்: எங்கே போக வேண்டும் என்பதில் மக்கள் பிரதிநிதிக்குக் கை உண்டு, எப்படி ஓட்டுவது என்பதில் வங்கிக்குச் சுதந்திரம் உண்டு, தவறினால் எழுதிக் காரணம் சொல்ல வேண்டும். 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போய் மாதக்கணக்கில் அங்கேயே நின்றபோது வங்கி உண்மையிலேயே காரணம் சொல்ல வேண்டிவந்தது. நல்லது.

2024 தொடக்கத்தில் வங்கி தன் ஊழியர்களுக்குச் சில தரங்களில் 70 சதவீத அளவுக்குச் சம்பளம் உயர்த்தியது தெரிய வந்து பாராளுமன்றத்தில் பெரிய பிரச்சினை ஆனது. நாட்டு மக்களின் சம்பளத்தின் பெறுமதியெல்லாம் கரைந்து போயிருந்த நேரம். சுதந்திரத்தைத் தனக்கான சலுகையாக ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டால், அடுத்த முறை அதைப் பறிக்க வருபவருக்குக் கைதட்டு விழும். கூட்டியது சட்டப்படி சரியா என்பதை விட இதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

வேறு விதமாக எதைச் செய்திருக்கலாம்

2020இல் மிச்சத்தை வாங்கியதையே முழுத்தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு எல்லை போட்டு, இந்தத் தொகை வரை, இந்தத் திகதி வரை, அதற்குப் பிறகு சந்தை வட்டி என்று அறிவித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும். ஏலத்தின் உச்ச வீதத்தை அந்த வருடமே எடுத்திருந்தால் வட்டி ஏறியிருக்கும், நிதி அமைச்சுக்கு வலித்திருக்கும், அந்த வலிதான் வரிக்குறைப்பைத் திரும்பப் பார்க்க வைத்திருக்கும். 2020 நவம்பரில் தரப்படுத்தல் இறங்கியபோதே வட்டி உயர்வும் கடன் மறுசீரமைப்புப் பேச்சும் தொடங்கியிருந்தால் ஒதுக்கில் இன்னும் 5 பில்லியனுக்கு மேல் இருந்திருக்கும். கையில் காசு இருக்கும்போது கடன்காரரிடம் பேசுவது வேறு, வெறுங்கையோடு பேசுவது வேறு.

புதிய சட்டத்திலும் எனக்குப் போதாதவை உண்டு. எந்த உறுப்பினர் எந்த வட்டிக்கு வாக்களித்தார் என்பது பெயரோடு வெளிவர வேண்டும், அப்போதுதான் தனித்து மறுத்தவரின் குரல் பதிவில் நிற்கும். பாராளுமன்றத்திலிருந்து எழும்பி நேராக ஆளுநர் நாற்காலிக்கு வருவதற்கு இடையில் கட்டாயமாகச் சில வருட இடைவெளி வேண்டும். சேமலாப நிதி வங்கியின் கையிலிருந்து வெளியே போக வேண்டும், வட்டியைத் தீர்மானிப்பவரிடம் தொழிலாளரின் முதலீடு இருக்கக் கூடாது.

இன்னும் கணக்கில் இருப்பது

அந்த ஏலங்களில் வாங்கிய உண்டியல்கள் எங்கே போயின என்று கேட்பவர்கள் குறைவு. எங்கேயும் போகவில்லை. 2023 செப்டெம்பரில், கொடுத்திருந்த தற்காலிக முற்பணத்தோடு சேர்த்து, அவற்றில் பெரும்பகுதியை நீண்டகால முறிகளாக மாற்றினார்கள். முதல் தொகுதி 2029இல் முதிரும், கடைசித் தொகுதி 2038இல்.